உங்களுக்குத் தெரியுமா? முழுநேர வேலைக்கு விண்ணப்பித்து, நேரம் குறைத்துக் கேட்கலாம்!

வேலை விளம்பரத்தில் 'முழுநேரம்' என்று கண்ணில் பட்டதுமே பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். கைக்குழந்தை இருக்கும். படுக்கையில் மாமனார் இருப்பார். மாலையில் வகுப்பு இருக்கும். உடம்பு முன்போல ஒத்துழைக்காது. படிப்பும் அனுபவமும் இருக்கும், நாளுக்கு எட்டு ஒன்பது மணி நேரம் மட்டும் இருக்காது. அப்படிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் இந்த வாரத் துணுக்குகள்.

◆ விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பகுதிநேர வேலைச் சட்டம் 2001 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7ஆம் பிரிவின்படி, ஒரு வேலை பகுதிநேரமாகச் செய்வதற்கு ஏற்றதாக இருந்தால், முதலாளி அதைப் பகுதிநேர வேலையாகவும் சேர்த்தே விளம்பரம் செய்ய வேண்டும். கேட்கலாமா கூடாதா என்ற தயக்கம் விண்ணப்பிப்பவருக்கு வரக்கூடாது என்பதே இதன் நோக்கம். உலகத்தில் எத்தனையோ வேலைச் சட்டங்கள் இருக்கின்றன. வாசலிலேயே கதவைத் திறந்துவைக்கும் இந்த ஒரு பிரிவைத்தான் மற்ற நாடுகள் முதலில் காப்பியடித்திருக்க வேண்டும் என்பேன்.

◆ பதில் வராவிட்டால் சம்மதம். நெதர்லாந்தில் 10 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 26 வாரம் வேலை பார்த்தவர், நேரத்தைக் குறைக்கவோ கூட்டவோ எழுத்தில் கேட்கலாம். மாற்றம் வேண்டிய தேதிக்கு இரண்டு மாதம் முன்பு மனு கொடுக்க வேண்டும். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்புவரை முதலாளி பதில் சொல்லவில்லை என்றால், கேட்டபடியே நேரம் மாறிவிடும். நேரத்தைக் குறைக்கக் கேட்டால் ஜெர்மனியிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. அங்கே ஆறு மாதப் பணியும் 15 பேருக்கு மேற்பட்ட ஊழியர்களும் வேண்டும். 'பார்க்கலாம்' என்று சொல்லி மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் வழியை அந்தச் சட்டங்கள் அடைத்துவிட்டன.

◆ பிரிட்டனில் முதல் நாளிலிருந்தே. 2003இல் சிறு குழந்தைகளின் பெற்றோருக்கும், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோருக்கும் மட்டும் கொடுத்த உரிமை, நேரத்தை மாற்றித் தரக் கேட்பது. 2014இல் 26 வாரம் பணியாற்றிய எல்லா ஊழியருக்கும் விரிந்தது. 2024 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த அன்றே கேட்கலாம். ஓராண்டில் இரண்டு முறை கேட்கலாம். இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். ஆனால் இது ஊழியருக்கான உரிமை. இன்டர்வியூவுக்கு வந்து உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் கிடையாது.

◆ சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல், அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டு நெறிகள் நடைமுறையில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நெகிழ்வான நேரம் கேட்டு முறைப்படி மனு கொடுத்தால், இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். அங்கே வேலை பார்க்கும் உறவினர் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள்.

◆ நம் நாட்டில்? எல்லா ஊழியருக்கும் பொதுவான இப்படியொரு உரிமை நம் சட்டத்தில் இல்லை. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தத்தில் மட்டும் ஒரு வாசல் திறந்தது. வேலையின் தன்மை இடம்கொடுத்தால், 26 வார விடுப்பு முடிந்த பிறகும் இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். 50 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் வீட்டிலிருந்து வேலை, காப்பகம் என்ற இந்த இரண்டு ஏற்பாடுகளும் இடம்பெற்றிருக்கின்றன.

அந்த 2017 திருத்தத்தில் அதிகம் பேசப்படாத வரி ஒன்று இருந்தது. ஒரு பெண்ணை முதன்முதலில் வேலையில் சேர்க்கும்போதே, சட்டப்படி அவருக்குள்ள சலுகைகள் எல்லாவற்றையும் நிறுவனம் எழுத்திலும் மின்னணு வழியிலும் தெரிவிக்க வேண்டும் என்றது அது. 'சேரும்போதே இதைப் பற்றியெல்லாம் கேட்டால் என்ன நினைப்பார்களோ' என்று ஒடுங்கிப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சை எடுக்க வேண்டிய கடமையை நிறுவனத்திடம்தான் வைத்தது அந்த வரி.

◆ 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்ட பெண். 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பி, பெற்றோர் இல்லாமல் ரயிலில் இங்கிலாந்து வந்துசேர்ந்த குழந்தைகளில் ஒருவர் ஸ்டெபனி ஷெர்லி. அப்போது அவருக்கு 5 வயது. வளர்ந்து கணினித் துறைக்கு வந்தார். 1962இல் கையிலிருந்த 6 பவுண்டு முதலோடு சொந்தமாக மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு வீட்டில் இருந்த பெண் புரோகிராமர்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். வீட்டிலிருந்தே வேலை, அவரவருக்குத் தோதான நேரம். காகிதத்தில் புரோகிராம் எழுதி அனுப்பும் காலம் அது. தன் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வராததால், கணவரின் யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட்டார். கதவுகள் திறந்தன. வாடிக்கையாளர் தொலைபேசியில் வரும்போது குழந்தையின் சத்தம் கேட்காமல் இருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிட்டார்.

கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமை எழுதியது இந்தப் பெண்கள்தாம். முதல் 300 ஊழியர்களில் ஆண்கள் 3 பேர் மட்டுமே. 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது, பெண்களுக்கே வேலை என்ற வழக்கத்தை அவர் கைவிட வேண்டியதாயிற்று. 2025இல் 91 வயதில் மறைந்தார். நேரம் குறைவாக உள்ளவரிடம் தரமும் குறைவாகத்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால், அந்தக் கறுப்புப் பெட்டியைச் சுட்டிக்காட்டலாம்.

◆ சென்னையிலும் ஒரு முயற்சி. வேலையை விட்டு இடைவெளி எடுத்த பெண்களை மீண்டும் பணிக்குக் கொண்டுவரும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது சௌந்தர்யா ராஜேஷ் 2000இல் சென்னையில் தொடங்கிய அவதார் நிறுவனம். டாட்டா குழுமம் 2008இல் இதே நோக்கத்தோடு 'இரண்டாம் பணிவாழ்வு' பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் 500 மணி நேரம், நெகிழ்வான நேரத்தில், உண்மையான புராஜெக்ட் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும்.

◆ எந்த வேலையில் கேட்டால் கிடைக்கும்? 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறார். வழக்கறிஞர் தொழிலிலும் நிதித் துறையிலும் இரண்டு மடங்கு நேரம் வேலை செய்பவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம். நேரம் குறைத்தவருக்கு மணிக்கணக்கில் பார்த்தாலும் கூலி குறைகிறது. ஏனென்றால் வாடிக்கையாளர் 'அந்த'க் குறிப்பிட்ட ஆளைத்தான் எந்நேரமும் தேடுகிறார். அமெரிக்க மருந்தாளுநர்கள் விஷயத்தில் நிலைமை வேறு. நோயாளியின் விவரம் கணினியில் இருக்கிறது, மருந்துகள் ஒரே தரத்தில் இருக்கின்றன, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரலாம். அதனால் பாதி நேரம் வேலை செய்பவருக்கு ஏறக்குறைய பாதிச் சம்பளம் கிடைக்கிறது. மணிக்கூலியில் பெரிய அடி விழுவதில்லை.

விளம்பரத்தைப் படிக்கும்போது இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். என் இடத்தில் இன்னொருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வேலை நடக்குமா? வேலை நாள்கணக்கில் முடியக்கூடியதா, நிமிஷத்துக்கு நிமிஷம் பதில் கேட்பதா? கணக்கு, தணிக்கை, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, ஆய்வகச் சோதனை, மென்பொருள் சோதனை, கல்லூரியில் பாடம் எடுப்பது ஆகியவற்றில் கேட்க இடமுண்டு. ஒற்றை ஆளாகக் கிளையை நடத்தும் மேலாளர் வேலையில் கேட்பது கடினம். கிடைத்தாலும் சம்பளம்தான் குறையும், வேலை குறையாது.

◆ குறைப்பது வேறு, நகர்த்துவது வேறு. ஒன்பதரைக்குப் பதில் ஏழரைக்கு வந்து நான்கு மணிக்குக் கிளம்புகிறேன் என்று கேட்டால் நிறுவனத்துக்குச் செலவே இல்லை. பல வீடுகளின் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும். இந்த ஏற்பாடு அலுவலகங்களுக்கு வந்த கதையும் சுவையானது. 1960களில் ஆள் பற்றாக்குறையில் இருந்த ஜெர்மனியில், இல்லத்தரசிகளை வேலைக்கு வரவைக்க நேரத்தைத் தளர்த்தலாம் என்று யோசனை சொன்னவர் பொருளாதார அறிஞர் கிறிஸ்டல் கேமரர். 1967இல் மியூனிக் அருகே ஓட்டோபுரூனில் இருந்த விமானத் தயாரிப்பு நிறுவனம் அதைச் செயல்படுத்தியது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சாலை அடைத்துக்கொண்டதுதான் காரணம்.

◆ எப்போது கேட்பது? இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குறைந்த நேரம் இல்லாவிட்டால் வேலைக்கு வரவே முடியாது என்ற நிலை என்றால், எச்.ஆர். முதன்முதலில் தொலைபேசியில் பேசும்போதே சொல்லிவிடுங்கள். மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்த பிறகு சொன்னால் இரு தரப்புக்கும் நேரம் வீண், மனக்கசப்பு வேறு. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் சமாளித்துவிடலாம் என்ற நிலை என்றால், அவர்கள் உங்களைத்தான் எடுப்பது என்று முடிவுசெய்த பிறகு கேளுங்கள். ஆஃபர் வாயால் சொல்லப்பட்டு, கடிதத்தில் நீங்கள் கையெழுத்திடாத அந்த இடைவெளியே சரியான வேளை. உங்கள் பேச்சுக்கு அப்போது இருக்கும் மதிப்பு அதற்கு முன்பும் இருக்காது, பின்பும் இருக்காது.

கேட்கும்போது 'கொஞ்சம் ஃபிளெக்சிபிளா இருந்தா நல்லாருக்கும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். எதிரே இருப்பவர் மனதில் அது 'எப்போது வேண்டுமானாலும் வருவார், போவார்' என்றுதான் பதியும். எண்ணாகச் சொல்லுங்கள். கணக்காளர் வேலைக்கு ஆஃபர் வந்த ஒருவர் இப்படிப் பேசலாம்:

"மேடம், இந்த வேலையில் சேர எனக்கு ரொம்ப விருப்பம். ஒரே ஒரு கோரிக்கை. வாரத்துக்கு 30 மணி நேரம், காலை ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரைன்னு வெச்சுக்க முடியுமா? அதுக்குத் தகுந்த மாதிரி சம்பளத்தைக் குறைச்சுக்கலாம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் 11, 20 தேதிகளை ஒட்டி வர்ற நாட்கள்ல முழுநேரமும் இருந்துடறேன். மூணு மாசம் பாருங்க, வேலை தேங்கினா மறுபடி பேசிக்கலாம்."

இதில் குடும்பக் கஷ்டம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் கேட்டால் சுருக்கமாகச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிய வேண்டியது வேலை எப்படி நடக்கும் என்பது. ரிட்டர்ன் நாட்களின் நெருக்கடியை நீங்களே முன்கூட்டி யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

◆ வாரத்துக்கு 30 மணி நேரத்தை ஐந்து நாளுக்கு ஆறு மணியாகவும் பிரிக்கலாம், நான்கு நாளுக்கு ஏழரை மணியாகவும் பிரிக்கலாம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றால் முதல் கணக்கு. வீட்டில் ஒருவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வேண்டும் என்றால் இரண்டாவது கணக்கு. ஒரு நாள் பயணமும் மிச்சம்.

◆ நேரத்தைத் தளர்த்தினால் நிறுவனங்களுக்கும் லாபம். பிரிட்டனில் நடத்தை ஆய்வுக் குழு ஒன்று இன்டீட் வேலைவாய்ப்புத் தளத்தோடு சேர்ந்து செய்த பெரிய சோதனையில், நெகிழ்வான நேரம் உண்டு என்று வெளிப்படையாகச் சொன்ன விளம்பரங்களுக்கு 30 சதவீதம் வரை கூடுதல் விண்ணப்பங்கள் வந்தன.

◆ தூதர் பதவியே பங்குபோடப்பட்டது. டாம் கார்ட்டர், கேரலின் டேவிட்சன் தம்பதி 2008 முதல் ஜாம்பியாவில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் பதவியை மாற்றி மாற்றி வகித்தார்கள். ஒருவர் பதவியில், மற்றவர் வீட்டில் குழந்தைகளோடு. பிறகு குவாதமாலாவிலும் இப்படியே தூதர்களாக இருந்தார்கள். ஒரு முழுநேர வேலைக்கு இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணமே நம் ஊரில் இன்னும் பரவவில்லை. ஒரே பள்ளியில், ஒரே மருத்துவமனையில் இதற்கு எத்தனை இடம் இருக்கிறது!

◆ ஆறு மணி நேர வேலை புதிதல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில், காலை உணவுத் தானியம் தயாரிக்கும் கெல்லாக்ஸ் நிறுவனம் 1930 டிசம்பரில், எட்டு மணி நேர ஷிஃப்ட் மூன்றுக்குப் பதிலாக ஆறு மணி நேர ஷிஃப்ட் நான்கைக் கொண்டுவந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்தவர்களுக்கு இடம்கொடுப்பது நோக்கம். கடைசிப் பிரிவில் ஆறு மணி நேர வேலை முடிவுக்கு வந்தது 1985இல்தான். கடைசிவரை அதை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

◆ பணிக்கொடையில் ஒளிந்திருக்கும் பள்ளம். நேரத்தைக் குறைப்பவர்கள் மாதச் சம்பளத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, கடைசியாக வாங்கிய சம்பள விகிதத்தில்தான் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 40,000 ரூபாயாக இருந்து 10 ஆண்டு முடித்தால் 2,30,769 ரூபாய். ஒன்பது ஆண்டு முழுநேரம் உழைத்துவிட்டுப் பத்தாவது ஆண்டு மட்டும் பாதி நேரத்துக்கு மாறி, 20,000 ரூபாயில் விலகினால்? பத்து ஆண்டுக்கும் சேர்த்து 1,15,385 ரூபாய் ஆகிவிடக்கூடும்.

உடல் ஊனமுற்றுக் குறைந்த சம்பளத்துக்கு மாறியவருக்கு மட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டைக் கணக்கு வைத்தது. முன்பிருந்த ஆண்டுகளுக்குப் பழைய சம்பளம், பிந்தைய ஆண்டுகளுக்குக் குறைந்த சம்பளம். சட்டத்தில் உள்ளதைவிட நல்ல நிபந்தனை தருவதற்கு நிறுவனத்துக்குத் தடை இல்லை. ஆகவே இதே இரட்டைக் கணக்கு உங்களுக்கும் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்குங்கள். இப்படி ஒரு வரி இருப்பது தெரியாமலேயே வயதான காலத்துப் பணத்தைப் பலர் இழக்கிறார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

◆ இ.எஸ்.ஐ. கதவு திறக்கலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பொருந்தும். பகுதிநேர ஊழியருக்கும் பொருந்தும். 28,000 ரூபாய் வேலையை அறுபது சதவீத நேரத்துக்கு ஏற்றால் சம்பளம் 16,800. நிறுவனம் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருந்தால், உங்கள் பங்காக மாதம் 126 ரூபாய் பிடித்தம், குடும்பத்துக்கே மருத்துவ வசதி. பி.எஃப். உறுப்பினராக இருப்பவர் பகுதிநேரத்துக்கு மாறினாலும் உறுப்பினர்தான். பிடித்தம் மட்டும் சம்பளத்துக்கேற்பக் குறையும். 'பார்ட் டைம் ஆட்களுக்குப் பி.எஃப். கிடையாது' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

◆ நீங்கள் கேட்டதா, அவர்கள் திணித்ததா? குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்டத்தில் அழகான ஒரு விதி உண்டு. முழு நாள் வேலைக்கு வந்தவருக்கு முதலாளியால் முழு வேலை தர முடியாமல் போனால், குறைந்த நேரமே வேலை செய்திருந்தாலும் அன்றைக்கான முழுக் கூலி தர வேண்டும். வேலை செய்ய விருப்பமில்லாமல் தொழிலாளியே போய்விட்டால் இது பொருந்தாது.

விரும்பி எடுக்கும் பகுதிநேரத்துக்கும் தலையில் கட்டப்படும் பகுதிநேரத்துக்கும் உள்ள தூரம் தமிழ்நாட்டுக்கு நன்றாகவே தெரியும். 2012இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். சம்பளம் படிப்படியாக உயர்ந்து 12,500 ரூபாயை எட்டியது. அவர்கள் இத்தனை ஆண்டுகளாகத் தெருவில் இறங்கிக் கேட்பது முழுநேரத்தையும் பணி நிரந்தரத்தையும். அவர்கள் கோரிக்கை நியாயமானது. நேரம் குறைத்துக் கேட்கும் உரிமையும் முழுநேரம் கேட்கும் உரிமையும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. தன் நேரத்தைப் பற்றிய பேச்சில் உழைப்பவருக்கும் இடம் வேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள கோரிக்கை.

◆ பகுதிநேரம் என்ற ஒரே காரணத்துக்காக மணிக்கூலி குறையக்கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1994ஆம் ஆண்டு 175ஆம் எண் உடன்படிக்கை. இந்தியா இதை ஏற்பளிக்கவில்லை. எனவே கணக்கை நாமே போட வேண்டும். வாரம் 48 மணி நேரத்துக்கு 32,000 ரூபாய் என்றால் 36 மணி நேரத்துக்கு 24,000. அதற்குக் கீழே பேசினால், நேரத்தோடு உங்கள் மதிப்பையும் சேர்த்துக் குறைக்கிறார்கள் என்று பொருள்.

◆ வேலைப் பட்டியலும் குறைய வேண்டும். முக்கால் சம்பளத்துக்கு முழு வேலை என்பது இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய ஆபத்து. மூன்றரை மணிக்குக் கிளம்பி, இரவு பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறப்பவர்கள் பலர். பேசும்போதே எந்தெந்தப் பொறுப்பு உங்களுடையது, எது வேறொருவருக்குப் போகும் என்று கேளுங்கள். 'பத்து கிளையின் கணக்கு' என்றிருந்தது 'ஏழு கிளை' என்று கடிதத்தில் மாற வேண்டும்.

◆ திரும்பிப்போகும் வழி. ஜெர்மனியில் நேரத்தைக் குறைத்தவர்கள் மறுபடி முழுநேரத்துக்கு வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். அதனால் 2019 ஜனவரியில் புதிய ஏற்பாடு வந்தது. 45 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில், ஓராண்டிலிருந்து ஐந்தாண்டுவரை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு பழைய நேரத்துக்கே திரும்பலாம். நமக்கு அப்படிச் சட்டம் இல்லாததால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில்தான் அதை எழுதி வாங்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி, எந்தெந்த நாள், எந்தப் பொறுப்புகள், விடுப்பும் பணிக்கொடையும் எப்படிக் கணக்கிடப்படும், எவ்வளவு நாள் முன்னறிவிப்பு கொடுத்து முழுநேரத்துக்கு மாறலாம், அப்போது சம்பளம் அன்றைய முழுநேர விகிதப்படி இருக்குமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்ட மேலாளர் அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடலாம்.